தைராய்டு மாத்திரை: மருந்து அதேதான், மாத்திரை மட்டும் வேறா?

வழக்கமாக வாங்கும் தைராய்டு மாத்திரை இந்த முறை வேறு பெட்டியில் வந்திருக்கிறது. மருந்தின் பெயர் அதே லெவோதைராக்சின். அளவும் அதே. ஆனால் சில நாளில் வயிறு உப்புசம், அரிப்பு, படபடப்பு.

"இந்த மருந்து எனக்கு ஒத்துக்கலையோ?"

இந்தச் சந்தேகம் உங்களுக்கும் வந்திருக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பதில் தெரியும் முன்பே மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதில்தான் பெரிய ஆபத்து.

மாத்திரைக்குள் என்ன இருக்கிறது?

லெவோதைராக்சின் மிகச் சிறிய அளவில் கொடுக்கப்படும் மருந்து. 100 மைக்ரோகிராம் மாத்திரையில் இருப்பது ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மருந்துதான். அதை அப்படியே கையில் எடுத்து விழுங்க முடியாது. அதனால் மாத்திரையின் பெரும்பகுதி துணைப்பொருள்கள்: மாவுச்சத்து, சர்க்கரை வகைகள், பொடி ஒட்டாமல் இருக்க உதவும் பொருள்கள், சிலவற்றில் நிறமிகள்.

இவை நோயைக் குணப்படுத்தாது. மாத்திரைக்கு வடிவம் கொடுக்கும், மருந்து கெடாமல் காக்கும், வயிற்றில் கரைய உதவும். எதைச் சேர்ப்பது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

யார் எதைக் கவனிக்க வேண்டும்?

- லாக்டோஸ்: பாலில் உள்ள சர்க்கரை. பல மாத்திரைகளில் இருக்கும். ஆனால் அளவு மில்லிகிராம் கணக்கில்தான். ஒரு குவளைப் பாலில் சுமார் 12 கிராம் லாக்டோஸ் உண்டு. பால் குடித்தால் வயிறு கலக்கும் பலருக்கு ஒரு மாத்திரையால் பிரச்சினை வராது. மிகவும் பாதிக்கப்படுவோர் மருத்துவரிடம் சொல்வது நல்லது.
- மேனிட்டால்: லாக்டோசுக்குப் பதிலாகச் சேர்க்கப்படும் இனிப்புப் பொருள். லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது உதவலாம்.
- நிறமிகள்: சில பிராண்டுகளில் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு நிறம். நிறமி ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வெள்ளை மாத்திரையையே இரண்டாகவோ பாதியாகவோ கொடுத்து மருத்துவர் அளவைச் சரிசெய்யலாம்.
- ஜெலட்டின்: விலங்குகளிலிருந்து எடுக்கப்படுவது. சைவ உணவுக்காரர்களும் முஸ்லிம்களும் அதிகம் கேட்பது இதைப் பற்றித்தான்.
- மாவுச்சத்து: கோதுமையின் குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிகள், மாவுச்சத்து எந்தத் தானியத்திலிருந்து வந்தது என்று கேட்க வேண்டும்.

பன்றியின் தைராய்டு சுரப்பியைக் காயவைத்துச் செய்யும் மாத்திரைகளும் சில நாடுகளில் உண்டு. லெவோதைராக்சின் அப்படியல்ல. அது ஆய்வுக்கூடத்தில் தயாரிக்கப்படும் ஹார்மோன். சமயக் காரணங்களுக்காகக் கவனிக்க வேண்டியது அதிலுள்ள துணைப்பொருள்களைத்தான்.

துணைப்பொருள் மாறியபோது என்ன நடந்தது?

பிரான்சில் சுமார் 30 லட்சம் பேர் பயன்படுத்திய லெவோதைராக்ஸ் மாத்திரையின் கலவை 2017 மார்ச் மாதம் மாற்றப்பட்டது. மருந்தின் வீரியம் நாளாக ஆகக் குறையாமல் இருக்கவேண்டும் என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கேட்டதே காரணம். லாக்டோஸ் போய், மேனிட்டாலும் சிட்ரிக் அமிலமும் வந்தன.

களைப்பு, தலைவலி, முடி உதிர்தல் என்று ஆயிரக்கணக்கானோர் புகார் செய்தனர். அதே ஆண்டு அக்டோபரில் பழைய கலவை தற்காலிகமாக மீண்டும் வரவழைக்கப்பட்டது. 20 லட்சத்துக்கும் அதிகமானோரின் தகவல்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வில், புதிய கலவையால் கடுமையான உடல்நலப் பிரச்சினைகள் கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

நியூசிலந்திலும் அதற்குப் பத்தாண்டுக்கு முன்பு இதே கதை. எல்ட்ராக்சின் மாத்திரையின் கலவை மாறியது. அதற்கு முந்தைய 30 ஆண்டில் வந்த புகார்கள் 14. மாறிய பிறகு 18 மாதத்தில் 1,400க்கும் மேல். தொலைக்காட்சிச் செய்தியில் சொல்லப்பட்ட அறிகுறிகள் பற்றிய புகார்கள் அந்தச் செய்திக்குப் பிறகு கூடியதை ஆய்வாளர்கள் பின்னர் கண்டறிந்தனர்.

அப்படியானால் எல்லாம் மனப்பிரமையா? இல்லை. கலவை மாறினால் சிலரது உடல் மருந்தை ஈர்த்துக்கொள்ளும் அளவு மாறலாம். சிலருக்கு ஒவ்வாமையும் உண்மையாக இருக்கலாம். அதே நேரம், பயமும் அறிகுறியை வரவழைக்கும். எது எது என்று பிரித்துப் பார்க்க, டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை உதவும்.

சிங்கப்பூரில் எப்படி வாங்குவது?

இங்கே லெவோதைராக்சின் மருத்துவரின் பரிந்துரையுடன் மட்டுமே கிடைக்கும். மருந்துகளைப் பதிவு செய்வது சுகாதார அறிவியல் ஆணையம். பலதுறை மருந்தகத்தில் கிடைக்கும் பிராண்டும் உங்கள் வீட்டுப் பக்கத்து கிளினிக்கில் கிடைப்பதும் ஒன்றாக இருக்கவேண்டும் என்றில்லை.

பதிவு செய்யப்பட்ட எதுவுமே ஒத்துக்கொள்ளாத நிலை வந்தால், பதிவுபெறாத மருந்தைச் சிறப்பு அனுமதி கேட்டு வரவழைக்க மருத்துவரால் விண்ணப்பிக்க முடியும்.

ஜொகூர் பாருவிலோ ஊருக்குப் போகும்போது இந்தியாவிலோ வாங்கி வருகிறீர்களா? பெட்டியில் பெயர் ஒன்றாக இருந்தாலும் நாட்டுக்கு நாடு கலவை வேறாக இருக்கலாம். துணைப்பொருள் பட்டியலை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாத்திரை மாறினால் என்ன செய்யலாம்?

1. பெட்டியையும் உள்ளே இருக்கும் தாளையும் தூக்கிப் போடாதீர்கள். பழையது, புதியது இரண்டையும் படம் எடுத்து வையுங்கள்.
2. மருந்தாளரிடம் நேராகக் கேளுங்கள்: "இதுல லாக்டோஸ் இருக்கா? ஜெலட்டின் இருக்கா? எதிலிருந்து எடுத்தது?"
3. அறிகுறி எந்த நாளில் தொடங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள்.
4. ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஎஸ்எச் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இந்த மருந்து உடலில் நிலைபெற அவ்வளவு காலம் ஆகும்.
5. ஒத்துக்கொண்ட பிராண்டையே தொடர்ந்து தரும்படி கேளுங்கள்.

சாப்பிடும் முறையையும் ஒருமுறை சரிபாருங்கள். வெறும் வயிற்றில், தண்ணீருடன், காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடத்துக்கு முன்பு சாப்பிட வேண்டும். காப்பியோடு சேர்த்துப் போட்டால் மருந்து சரியாக உடலில் சேராது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணிநேர இடைவெளி விடுங்கள். பல நேரம் பழியைச் சுமப்பது புதிய பெட்டி. காரணம் காலைக் காப்பி.

எப்போது காத்திருக்கக் கூடாது?

முகம், உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே 995ஐ அழையுங்கள். நெஞ்சு வலி, சீரற்ற இதயத் துடிப்பு இருந்தாலும் தாமதிக்காமல் சிகிச்சை பெறுங்கள்.

கர்ப்பிணிகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கர்ப்பகாலத்தில் இந்த ஹார்மோனின் தேவை கூடும். வயிற்றில் வளரும் குழந்தை தொடக்க மாதங்களில் தாயின் தைராய்டு ஹார்மோனையே நம்பியிருக்கிறது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றினால், அடுத்த வேளை மாத்திரையை விடுவதற்கு முன்பு மருத்துவரை அழையுங்கள். மாற்று பிராண்டு தரலாம்; மருந்தே இல்லாமல் இருப்பது சரியான மாற்று அல்ல.