பொருநைக் கரையில் ஆங்கிலம்

பொருநைக் கரையில் ஆங்கிலம் கற்பிக்கப்பட்ட வரலாற்றை எண்ணும்போதெல்லாம், அம்மொழி எந்த ஊடகத்தின் வழியே இங்கு வந்தது என்ற கேள்வியே எனக்கு முதன்மையாகப் படுகிறது.

ஜெர்மானியரான ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தபின் மிஷன் பள்ளிகள் பெருகின. கிராமப் பள்ளிகளில் பெரும்பாலும் தமிழே பயிற்றுமொழி. உயர்கல்வி வளர்ந்தபோதுதான் ஆங்கிலம் வேரூன்றியது. நெல்லை இந்துக் கல்லூரியும், 1923இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரியும் அவ்வளர்ச்சியின் அடையாளங்கள். 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' என்று பாளையங்கோட்டை பெயர்பெற்றது. ஆனால் வகுப்பறையைத் தாண்டினால் அம்மொழியைக் காதால் கேட்க வழியில்லை. அது அச்சில் வந்த மொழி. கண்ணால் கற்ற மொழி.

இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்த பாரதி, தன் 'சுயசரிதை'யில் அக்கல்வியைக் கடுமையாகச் சாடினான். கம்பனையும் வள்ளுவனையும் அறியாமலே ஒருவன் கற்றவனாகிவிட முடிந்தது என்பதே அவன் சினம். எனினும் 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் சூடியவனும் அவனே. நெல்லையில் சில காலம் தலைமையாசிரியராக இருந்த சுந்தரம் பிள்ளை, லிட்டன் பிரபுவின் கதையொன்றைத் தழுவி 1891இல் 'மனோன்மணீயம்' தந்தார். இந்துக் கல்லூரியில் 1931இல் பி.ஏ. முடித்த புதுமைப்பித்தன், உலகச் சிறுகதைகளை ஆங்கிலம் வழியே தமிழுக்குக் கொண்டுவந்தார். கண்ணால் கற்ற ஆங்கிலம் தமிழுக்கே திரும்பி வந்தது.

பின்னர் ஊடகம் மாறியது. 1963இல் நெல்லை வானொலி நிலையம் வந்தது, அதன்பின் தொலைக்காட்சி. 'முப்பது நாட்களில் ஆங்கிலம்' வகை நூல்கள் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கின. 2018 முதல் வந்த தமிழகப் பாடநூல்களில் க்யூஆர் குறியீடு இடம்பெற்றது. பாடம் கைபேசிக்குள் புகுந்தது. இன்று உச்சரிப்புக்கு ஆசிரியரின் குரல் மட்டுமே சான்றல்ல. காணொளியில் கேட்ட உச்சரிப்போடு மாணவி வகுப்புக்கு வருகிறாள்.

இதில் இழப்பை மட்டும் காண்பது நியாயமன்று. அன்றைய கல்லூரி வாசல் சிலருக்கே திறந்தது. முதல் தலைமுறையாகப் படிக்க வருபவள் இன்று கூச்சமின்றி நான்கு வாக்கியம் பேசுகிறாள் என்றால், அது சிறிய விடுதலையன்று.

ஆயினும் ஒரு கவலை. 'நான்-டீடெயில்' என்று நாம் அழைத்த துணைப்பாடக் கதைநூல், சுருக்கப்பட்ட டிக்கன்ஸையாவது நம் கையில் தந்தது. கதைக்காகவே ஒரு மொழியை வாசிக்கும் பழக்கம் அங்கே பிறந்தது. பேச்சுப் பயிற்சி வேலைக்கு வழிகாட்டும்; வாசிப்பு மட்டுமே தமிழுக்குத் திரும்பும் வழியைக் காட்டும். இன்று ஆங்கிலம் பேசப் பழகும் அந்த மாணவியின் கையில் அதிலேயே ஒரு நல்ல கதையையும் கொடுப்பவர் யார்?