எந்தக் கடியில் கார் காணாமல் போகிறது?

ரெண்டு தடித்த இரும்பு அச்சு எதிரெதிரா, மெதுவா சுத்துது. மேலேயிருந்து ஒரு பழைய காரைப் போடறாங்க. கொஞ்ச நேரத்துல கீழே வெறும் இரும்புத் துண்டு. இந்த ஷ்ரெட்டர் வீடியோவை ராத்திரி 12 மணிக்கும் தூங்காம பார்க்கறவரா நீங்க? (நானும்தான்.)

ஒரு கேள்வி. எத்தனாவது கடிக்கு அப்புறம் அதை 'கார்'னு சொல்ல முடியாமப் போச்சு?

கிமு 4-ம் நூற்றாண்டில் வாழ்ந்த யூபுலிடிஸ் என்ற கிரேக்கரின் புதிர் இது. அவர் வைத்துக் கேட்டது மணல் குவியல். ஒரு மணலை எடுத்தாலும் மிச்சம் குவியல்தான். இன்னொண்ணு எடுத்தாலும் குவியல்தான். இப்படியே போனா கடைசி ஒத்த மணலையும் குவியல்னு ஒத்துக்கணும்! எங்கேயோ தப்பு. எந்த மணல்லன்னு காட்ட முடியாது. (பிபி 140-ன்னா வியாதி, 139-ன்னா இல்லைன்னு கோடு போடற எங்களைக் கேளுங்க.)

வெட்டிப் பேச்சுன்னு நினைச்சா, கிழக்கு ஜெர்மனிக்கு வாங்க.

1989 நவம்பர் 9, பெர்லின் சுவர் திறந்தது. 'ஸ்டாசி' என்ற ரகசிய போலீஸ் பதறியது. பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை செய்பவர், சில வீடுகளில் கட்டின புருஷனே உளவு சொன்ன கோப்புகள் அவங்ககிட்ட மலையா கிடந்தன. ஷ்ரெட்டர்ல தள்ளினாங்க. மெஷின் தாங்கலை. கையாலேயே கிழிச்சாங்க: ரெண்டா, நாலா, எட்டா. மூட்டை கட்டி வெச்சு, அப்புறம் அழிச்சுக்கலாம்னு கணக்கு.

1990 ஜனவரி 15 அன்று மக்கள் பெர்லின் தலைமையகத்துக்குள்ள புகுந்துட்டாங்க. கிழிச்ச தாள் மட்டும் சுமார் 16,000 மூட்டை மிஞ்சியது.

1995 முதல் நியூரம்பெர்க் பக்கத்தில் சிர்ன்டார்ஃப் என்ற ஊரில் ஒரு குழு உட்கார்ந்து, தாளின் நிறம், கையெழுத்து, கிழிசல் ஓரம் பார்த்து டேப் போட்டு ஒட்டியது. ஒரே தாளின் துண்டுகள் பெரும்பாலும் ஒரே மூட்டையில் கிடந்தது பெரிய உதவி. இப்படி 10 லட்சத்துக்கும் மேல பக்கங்கள் மீண்டன. 2007-ல் இதுக்குன்னே கம்ப்யூட்டர் முயற்சியும் தொடங்கியது.

மெஷின் கூழாக்கின தாள்? போனது போனதுதான்.

தன்னைப் பத்தின கோப்பைப் பார்க்கும் உரிமை 1992 ஜனவரியில் கிடைச்சது. 'என்னைக் காட்டிக்கொடுத்தது யாரு?'ன்னு கேட்டு வந்தவங்களுக்கு, அந்தத் தாள் எத்தனை துண்டாச்சுங்கறதுதான் பதில்.

பெரும்பாலான மூட்டைகளை இன்னும் ஒட்டி முடிக்கலை. உள்ளே இருக்கறது கோப்பா, குப்பையா?