மாரிஸ், டாம் (இளையவர்)

மாரிஸ், டாம் (1851–1875): ஸ்காட்லாந்து தேசத்துக் கோல்ஃப் வீரர். ஓப்பன் சாம்பியன்ஷிப் என்னும் பழம்பெரும் போட்டியில் தொடர்ந்து நான்கு முறை ஜயித்தவர். அப்பெருமையை அவருக்கு முன்னும் பின்னும் வேறெவரும் எய்தவில்லை. இவருடைய தந்தையின் பெயரும் டாம் மாரிஸ் என்பதாலும், அவரும் நான்கு முறை அதே பட்டத்தைப் பெற்ற பிரசித்தர் என்பதாலும், தந்தையை மூத்த டாம் என்றும் மகனை இளைய டாம் என்றும் வேறுபடுத்தி வழங்குவது மரபு. இருபத்து நான்கு பிராயமே வாழ்ந்து மறைந்த இவர், கனவான்களின் பந்தயப் பணத்தை நம்பிப் பிழைத்த ஓர் ஏவலர் தொழிலை, திறமை ஒன்றாலேயே மதிக்கப்படும் கலையாக உயர்த்தியவர்.

குடும்பமும் பிறப்பும்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையிலுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் கடலோர நகரில் 1851 ஏப்ரல் 20ஆம் தேதி இளைய டாம் பிறந்தார். தாயார் பெயர் ஆக்னெஸ் பெய்ன். இவருக்கு முன் பிறந்து டாம் என்றே பெயர் பெற்றிருந்த தமையன் நான்கு வயதில், இவர் பிறப்பதற்கு ஓராண்டுக்கு முன், இறந்துவிட்டமையால், அப்பெயரே இக்குழந்தைக்கும் இடப்பட்டது.

மூத்த டாம் தம் பதினான்காம் வயது முதல் ஆலன் ராபர்ட்சன் என்பவரிடம் பந்து செய்யும் தொழிலைக் கற்றவர். அக்காலத்துப் பந்து தோலால் தைக்கப்பட்டு, ஒரு தொப்பி நிறையக் கொள்ளும் வாத்திறகை வேகவைத்து, சிறு துளை வழியே இரும்புக் குச்சியால் மார்பு நோக அழுத்தித் திணித்துச் செய்யப்படுவது. கைதேர்ந்த தொழிலாளிக்கும் ஒரு நாளில் மூன்று நான்கு பந்துகளுக்கு மேல் இயலாது. ஆகவே விலை மிகுதி. மழையில் நனைந்தால் பந்து பாழ். 1848 அளவில், மலேயாக் காடுகளின் மரப்பாலிலிருந்து கிடைக்கும் கட்டாபெர்ச்சா என்னும் பிசினை வெந்நீரில் இளக்கி உருட்டிச் செய்த பந்து தோன்றியபோது, தம் பிழைப்பு போய்விடுமென்று அஞ்சிய ராபர்ட்சன் அதை வெறுத்தார். மூத்த டாம் அப்புதிய பந்தைக் கொண்டு ஆடக் கண்டதும் இருவருக்கும் மனத்தாங்கல் உண்டாகி, குருவும் சீடரும் பிரிந்தனர். இப்பிரிவின் பயனாகவே, 1851இல், மேற்குக் கரையில் புதிதாகத் தோன்றிய பிரெஸ்ட்விக் சங்கத்தின் அழைப்பை ஏற்று, கைக்குழந்தையோடு அக்குடும்பம் அங்கே குடியேறியது.

பிரெஸ்ட்விக் மைதானமும் அரைக்கச்சையும்

பிரெஸ்ட்விக் மைதானம் மணற்குன்றுகளுக்கிடையே 3,799 கஜ நீளத்தில் பன்னிரண்டு குழிகளைக் கொண்டு மூத்த டாமின் கைவண்ணத்தில் உருவானது. நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரராகவும் கருதப்பட்டுவந்த ராபர்ட்சன் 1859இல் காலமானபின், அவ்விடத்துக்கு உரியவர் யார் என்பதைத் தீர்மானிக்கும் பொருட்டு, பிரெஸ்ட்விக் சங்கத்தார் 1860 அக்டோபர் 17ஆம் தேதி ஒரு போட்டியை ஏற்படுத்தினர். ஒரே நாளில் மைதானத்தை மும்முறை சுற்றி முப்பத்தாறு குழிகள் ஆடவேண்டும். மிகக் குறைந்த அடிகளில் முடிப்பவருக்கு வெள்ளி அணிகள் பதித்த செந்நிற மொராக்கோத் தோல் அரைக்கச்சை ஓராண்டுக் காலம் உரியது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஜயிப்பவருக்கு அது சாசுவதமாகச் சொந்தமாகும் என்பது விதி. முதற்போட்டியில் கலந்துகொண்ட எட்டுப் பேரில், மஸ்ஸல்பரோவைச் சேர்ந்த வில்லி பார்க் 174 அடிகளில் வென்றார். மூத்த டாம் இரண்டே அடிகள் பின்தங்கினார். எனினும் 1861, 1862, 1864, 1867 ஆகிய ஆண்டுகளில் கச்சை அவர் இடையை அலங்கரித்தது.

தந்தை பெற்ற வெற்றிகளையும் தோல்விகளையும் கண்ணெதிரே கண்டு வளர்ந்த மகன், ஏர் நகரத்துக் கல்விச்சாலையில் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகளோடு படித்தான். மட்டை சுமந்து பிழைக்கும் வகுப்பிலிருந்து வந்த ஆட்டக்காரர்களில் இத்தகைய கல்வி வாய்த்தவர் அக்காலத்தில் அபூர்வம். பிற்காலத்தில் கனவான்களுக்கு முன் கூசாமல் நிமிர்ந்து நின்ற அவருடைய சுபாவத்துக்கு இக்கல்வியும் ஒரு காரணமாகலாம்.

இளமைச் சாதனைகள்

பதின்மூன்றாம் வயதில் பெர்த் நகரில் நடந்த ஒரு பந்தய ஆட்டத்தில் அவ்வூர்ச் சிறுவன் ஒருவனை வென்றதே அவருடைய ஆட்ட வாழ்வின் பிள்ளையார் சுழி. அதையடுத்து, மூத்த டாம் ஆண்டுக்கு 50 பவுன் ஊதியத்தில் மைதானப் பாதுகாவலராக நியமனம் பெற்றுச் செயின்ட் ஆண்ட்ரூஸுக்குத் திரும்பவே, குடும்பம் மீண்டும் சொந்த ஊர் வந்து சேர்ந்தது. பதினான்காம் வயதிலேயே ஓப்பன் போட்டியில் களமிறங்கிய இளைய டாம், 1867இல், பதினாறாம் வயதில், கார்னூஸ்டியில் கூடிய தொழில்முறை ஆட்டக்காரர் பலருக்கிடையே, வில்லி பார்க்கையும் பாப் ஆண்ட்ரூவையும் இறுதி ஆட்டத்தில் வென்று நாடறிந்தவரானார்.

அவ்வாண்டு தந்தை ஓப்பன் பட்டத்தைக் கடைசி முறையாக வென்றபோது அவருக்கு வயது நாற்பத்தாறு. அடுத்த ஆண்டு, 1868 செப்டம்பரில், மகன் அதே பட்டத்தை வென்றபோது அவருக்குப் பதினேழு வயதும் ஐந்து மாதங்களுமே நிறைந்திருந்தன. அப்போட்டியில் வென்றவர்களில் மிக முதியவர் தந்தை, மிக இளையவர் மகன் என்னும் இவ்விரு பெருமைகளும் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்தன. இன்றளவும் அவை அவ்வீட்டை விட்டு நீங்கவில்லை. 1868இல் மகன் எடுத்த அடிகள் 154. மூன்று அடிகள் கூடுதலாக எடுத்து இரண்டாவதாக வந்தவர் வேறு யாருமல்லர், தந்தையே. அதற்கு முன்னிருந்த சிறந்த கணக்கு 162 என்பதை நோக்கினால், இச்சிறுவன் கொண்டுவந்த மாறுதலின் அளவு விளங்கும்.

கச்சை சொந்தமானது

1869ஆம் ஆண்டுப் போட்டியில் எட்டாம் குழியை, 166 கஜத் தொலைவிலிருந்து, ஒரே அடியில் எட்டினார். ஓப்பன் வரலாற்றில் ஓரடியில் குழி வீழ்ந்ததாகப் பதிவான முதல் சம்பவம் அதுவே. அவ்வாண்டு வெற்றி பதினோரு அடி வித்தியாசத்தில் கிட்டியது.

1870இல் நிகழ்ந்தது இன்னும் வியப்பானது. பிரெஸ்ட்விக்கின் முதற்குழி 578 கஜத் தொலைவிலிருந்தது. மரத்தலை மட்டையும் பிசின் பந்தும் கொண்டு ஆடிய அந்நாளில், வலிமையாக அடிக்கும் வீரரும் ஓர் அடிக்கு இருநூறு கஜத்தை எட்டுவது அரிது. ஆதலால் அக்குழிக்கு ஆறு அடிகள் எடுத்தவரும் வருந்தமாட்டார். இளைய டாம் மூன்றே அடிகளில் முடித்தார். அம்மூன்றாம் அடி, புல்தரையில் மெல்ல உருட்டி விட்டதன்று, தொலைவிலிருந்து எழுந்து வந்து குழியில் அடங்கியது என்பதைக் கணக்கே காட்டிவிடுகிறது. முதற்சுற்றின் பன்னிரண்டு குழிகளையும் 47 அடிகளிலும், முப்பத்தாறையும் 149 அடிகளிலும் முடித்து, டேவி ஸ்ட்ராத், பாப் கர்க் என்னும் இருவரையும் பன்னிரண்டு அடிகள் பின்னே விட்டார். பத்தாண்டுகளுக்கு முன் அதே தரையில் முதல் சாம்பியனுக்கு வேண்டியிருந்தவை 174 அடிகள் என்பதை இங்கே நினைவு கூர்தல் தகும்.

இவ்வாறு மும்முறை தொடர்ந்து வென்றமையால், விதிப்படி அரைக்கச்சை அவருக்கே சொந்தமாயிற்று. பரிசுப் பொருளே இல்லாமற் போகவே, 1871இல் போட்டி நடைபெறவில்லை. பின்னர், பிரெஸ்ட்விக், செயின்ட் ஆண்ட்ரூஸ், எடின்பரோ ஆகிய மூன்று ஊர்ச் சங்கங்களும் தலைக்குப் பத்துப் பவுன் வீதம் செலுத்தி, கிளாரெட் ஜக் எனப்படும் வெள்ளிக் கூஜாவைச் செய்விக்கவும், போட்டியை அச்சங்கங்களின் மைதானங்களில் முறைமாற்றி நடத்தவும் உடன்பட்டன. ஓர் ஊரின் விழாவாக இருந்த பந்தயம் நாட்டின் பொதுச் சொத்தாக மாறியதற்கு இளைஞர் ஒருவரின் கைத்திறனே நேர்க்காரணமாயிற்று. 1872இல் போட்டி புத்துயிர் பெற்றபோதும் 166 அடிகளில் அவரே வென்று, நான்காம் வெற்றியையும் நாட்டினார்.

ஆட்டத்தின் சிறப்பு

வண்டித் தடங்களில் சிக்கிய பந்தைக் கிளப்புவதற்கென்றே சிறிய இரும்புத் தலையோடு செய்யப்பட்ட மட்டையை, குழியை அணுகும் அடிகளுக்குப் பயன்படுத்தி, பந்தை உயர எழுப்பி, விழுந்த இடத்திலேயே நிற்கச் செய்யும் உத்தியை அவர் திறம்படக் கையாண்டார்; தரையில் ஓடவிட்டே குழியை நெருங்கும் வழக்கம் மேலோங்கியிருந்த நாளில் அது புதுமை. குறுந்தொலைவு அடிகளிலும் அவர் கை தவறுவது அரிது. அடிக்கு முன் மட்டையை அசைக்கும் வேகத்திலேயே அதன் தண்டு முறிந்ததுண்டு என்று கூறுவர். தம் ஆப்த நண்பரான டேவி ஸ்ட்ராத்தோடு சேர்ந்து ஊர் ஊராகச் சென்று ஆடி, மைதானக் காவல் முதலிய வேலைகளைச் சாராமல் ஆட்டத்தாலேயே ஜீவனம் நடத்த முடியும் என்பதைக் காட்டிய முன்னோடியும் அவரே.

விவாகமும் பெருந்துயரமும்

1873இல் மூன்றாமிடமும், 1874இல் மங்கோ பார்க்குக்கு இரண்டு அடிகள் பின்னாக இரண்டாமிடமும் பெற்ற அவர், 1874 நவம்பரில் மார்கரெட் டிரினன் என்னும் பெண்ணை மணந்தார். சுரங்கத் தொழிலாளியின் மகளான அவர், கணவரினும் ஏறக்குறையப் பத்து வயது மூத்தவர்.

1875 செப்டம்பரில், தந்தையும் மகனும் ஓரணியாக நின்று, நார்த் பெரிக்கில் வில்லி, மங்கோ என்னும் பார்க் சகோதரர்களை எதிர்த்து ஆடினர். ஆட்டம் முடியும் தறுவாயில், பிரசவ வேதனையிலிருக்கும் மார்கரெட்டின் நிலை கவலைக்கிடம் என்று தந்தி வந்தது. ஒரு குழி வித்தியாசத்தில் வென்ற இருவரும், ஃபோர்த் கழிமுகத்தைச் சுற்றி ரயிலில் செல்லக் காலம் போதாதென்று, ஒருவர் உவந்தளித்த பாய்மரப் படகில் நேரே கடலைக் கடந்தனர். அவர்கள் வீடு சேருமுன்பே தாயும் சேயும் இறந்துவிட்டனர்.

அதன்பின் ஆட்டத்தில் நாட்டமிழந்த இளைய டாம், நண்பர்களின் தூண்டுதலால், நவம்பர் இறுதியில் ஆர்தர் மோல்ஸ்வொர்த் என்னும் ஆங்கிலேயரோடு செயின்ட் ஆண்ட்ரூஸில் ஆறு நாட்கள், நாளொன்றுக்கு முப்பத்தாறு குழிகள் வீதம் ஆட இசைந்தார். மூன்று குழிகளுக்கு ஓர் அடி எதிரிக்கு விட்டுக்கொடுத்தும், பனி உறைந்த தரையில் ஆடியும், வெற்றி அவருக்கே கிட்டியது. சில வாரங்களுக்குப் பின், கிறிஸ்துமஸ் நாளன்று காலை, தந்தையின் இல்லத்தில், படுக்கையிலேயே உயிர் நீத்திருக்கக் காணப்பட்டார். நுரையீரலில் இரத்தக்குழாய் வெடித்ததே காரணம் என்றனர் மருத்துவர். துக்கத்தால் நெஞ்சு உடைந்து இறந்தார் என்று ஊரார் பேசியபோது, நெஞ்சு உடைவதால் மரணம் வருமானால் தானும் உயிரோடிருக்க முடியாது என்று மூத்த டாம் மறுமொழி கூறியதாகச் சொல்வர். மக்கள் அனைவரையும் முன்னே அனுப்பிவிட்டு, 1908 வரை, எண்பத்தாறு வயது வாழ்ந்தார் அவர்.

நினைவும் மதிப்பீடும்

அறுபது கோல்ஃப் சங்கங்கள் பொருளுதவி செய்ய, செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் இடுகாட்டில் 1878இல் அவருக்கு நினைவுச் சிற்பம் எழுப்பப்பட்டது. தலையில் ஸ்காட்லாந்துக் குல்லாயோடு, பந்தை நோக்கிக் குனிந்து, அடிக்க ஆயத்தமாக நிற்கும் உருவம் அதில் செதுக்கப்பட்டுள்ளது. நிகரில்லாதிருந்தும் பொறாமைக்கு ஆளாகாதவர் என்னும் கருத்தை அதன் கல்வெட்டு தெரிவிக்கிறது. 1975இல் உலகக் கோல்ஃப் வீரர் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

அவருக்குப் பின் மட்டையும் பந்தும் மைதானமும் அடையாளம் தெரியாதபடி மாறிவிட்டன. தொடர்ந்து நான்கு வெற்றி என்பது மட்டும் மாறவில்லை. 1872ஆம் ஆண்டுப் போட்டி நாளில் வெள்ளிக் கூஜா செய்து முடியாதிருந்தமையால், அவருக்கு ஒரு பதக்கமே அளிக்கப்பட்டது. கூஜாவை முதன்முதல் கையில் பெற்றவர் 1873இல் வென்ற டாம் கிட் என்பவர். ஆயினும் அதன்மேல் பொறிக்கப்பட்டுள்ள பெயர்களுள் முதற்பெயர் இளைய டாம் மாரிஸுடையதே.