கழிவுநீர்க் கடன்பத்திரங்களும் மாநிலத் தீர்வுகளும் (அமெரிக்கா)

அமெரிக்க உள்ளாட்சிகள் பாதாளச் சாக்கடைக்காக வெளியிடும் பத்திரங்கள் பெரும்பாலும் வருவாய்ப் பத்திரங்கள். அசலும் வட்டியும் கழிவுநீர்க் கட்டண வசூலிலிருந்தே வர வேண்டும். சொத்துவரியில் பத்திரக்காரருக்குப் பாத்தியதை இல்லை. சுத்திகரிப்பு நிலையத்தை ஜப்தி செய்து ஏலம் விடவும் பொதுவாக வழியில்லை. எனவே தவணை தவறினால், ஒப்பந்தப்படி கட்டணத்தை உயர்த்துமாறு மாநில நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கேட்கலாம். அல்லது நிர்வாகத்தையே நீதிமன்றம் நியமிக்கும் ஒரு பொறுப்பாளரிடம் (ரிசீவர்) ஒப்படைக்கக் கோரலாம். கடன் கொடுத்தவர் சம்மதமில்லாமல் அசலைக் குறைக்க மாநிலத்துக்கு அதிகாரமில்லை. அது கூட்டாட்சித் திவால் சட்டத்தின் 9ஆம் அத்தியாயத்துக்கு உரியது. அங்கே போகவும் மாநிலத்தின் அனுமதி வேண்டும்.

ரிசீவர் முறையின் பலமும் பலவீனமும் வெளிப்பட்ட இடம் அலபாமாவின் ஜெபர்சன் கவுண்டி. பர்மிங்ஹாம் நகரம் இதில்தான் இருக்கிறது. கழிவுநீர் கஹாபா ஆற்றில் கலந்ததால் எழுந்த வழக்கில், 1996இல் சாக்கடை அமைப்பைச் சீரமைக்க கவுண்டி ஒப்புக்கொண்டது. அதற்காக வாங்கிய கடன் 300 கோடி டாலரைத் தாண்டியது. 2002, 2003இல் அதில் பெரும்பகுதியை மாறும் வட்டிக்கு மாற்றி, கூடவே வட்டி மாற்று ஒப்பந்தங்களும் போட்டார்கள். 2008இல் பத்திரங்களுக்குக் காப்பீடு தந்த நிறுவனங்களின் தரமதிப்பு சரிந்ததும் வட்டி எகிறியது. இடையில் லஞ்சமும் புகுந்திருந்தது: கவுண்டி ஆணையத்தின் முன்னாள் தலைவர் லாரி லாங்ஃபோர்டு 2009இல் குற்றவாளியெனத் தீர்ப்பானார், அதே ஆண்டு, அந்த வட்டி மாற்று ஒப்பந்தங்களை விற்ற ஜேபி மோர்கன் வங்கி அவற்றின் 64.7 கோடி டாலர் முறிவுக் கட்டணத்தைக் கைவிட்டது.

கவுண்டி தவணை தவறவே, 2010 செப்டம்பரில் மாநில நீதிமன்றம் ரிசீவரை நியமித்தது. பராமரிப்பு முதல் கட்டண நிர்ணயம் வரை எல்லாம் அவர் கைக்குப் போக, மக்கள் தேர்ந்தெடுத்த ஆணையர்கள் ஓரங்கட்டப்பட்டார்கள். பத்திரக்காரருக்கு இதைவிடக் கூர்மையான ஆயுதம் மாநிலச் சட்டத்தில் கிடையாது. ஆனால் அது ஓராண்டுக்குச் சற்று மேல்தான் செல்லுபடியானது. 2011 நவம்பர் 9 அன்று கவுண்டி திவால் மனு போட்டது. 2013இல் டெட்ராய்ட் விழும்வரை உள்ளாட்சித் திவால்களில் இதுவே பெரியது. 2012 ஜனவரியில் திவால் நீதிபதி தாமஸ் பென்னட், அமைப்பை நடத்தும் பொறுப்பு கவுண்டிக்கே உரியது என்று தீர்ப்பளித்தார். நடைமுறைச் செலவு போக மிஞ்சும் வசூலின்மேல் பத்திரக்காரர் உரிமை மட்டும் நீடித்தது.

2013 டிசம்பரில் திவாலிலிருந்து மீண்டபோது கடன் கொடுத்தவர்கள் 100 கோடி டாலருக்கு மேல் விட்டுக்கொடுத்திருந்தார்கள். மிச்சக் கடனுக்காகக் கழிவுநீர்க் கட்டணம் முதல் நான்காண்டுகளுக்கு வேகமாகவும், பின்னர் ஆண்டுதோறும் 3.49 சதவீதமும் உயர வேண்டும் என்று தீர்வுத் திட்டத்திலேயே எழுதப்பட்டது.