காங்கோ கண்ட தூதர்

பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டு தம் சொந்த உடைமைபோல் காங்கோவை ஆண்டுவந்தார். 1903-இல் அங்கே பிரிட்டிஷ் தூதராயிருந்த ரோஜர் கேஸ்மெண்ட் ஆற்றுவழியே உள்நாட்டிற்குச் சென்றார். ரப்பருக்காகச் சிதைக்கப்பட்ட சிற்றூர்களையும், கை வெட்டுண்ட மக்களையும் கண்டார். அவர்தம் வாய்மொழிகளை எழுதிக்கொண்டார். 1904-இல் அறிக்கையை வெளியிட்ட அரசோ, பெயர்களை நீக்கி வெறும் குறிகளை இட்டது. அவர் வெகுண்டார். அச்சினம் நமக்கு விளங்குகிறது. பெயரிழந்தவனின் சாட்சியத்தை யார் மதிப்பார்? எனினும் 1908-இல் காங்கோ மன்னரின் கைவிட்டகன்றது.

அமேசான் காட்டுப் பழங்குடியினருக்காகவும் உழைத்தவருக்கு 1911-இல் 'சர்' பட்டம் கிடைத்தது. பின்னர் அயர்லாந்தின் விடுதலைக்கு ஜெர்மனியின் துணையை நாடினார்; அதுவும் போர்க்காலத்தில். அதை நாம் விவேகமென்று சொல்லத் துணியோம். பட்டம் பறிக்கப்பட்டது. 1916 ஆகஸ்டு 3 காலையில், இலண்டன் சிறையில், முதன்முறையாக நற்கருணை உட்கொண்டபின் தூக்குமேடை ஏறினார்.