பேரேட்டின் வழியே ஒரு தேசம்

அந்நிய நாட்டை வைத்துக் கதை எழுதுகிறவன் அந்த நாட்டின் அன்றாடத்தை எங்கிருந்து எடுக்கிறான்? நம் விமர்சனம் இந்தக் கேள்வியைக் கேட்டது குறைவு. 'தத்ரூபமா இருக்கு' என்றோ, 'பயணக் கட்டுரை மாதிரி இருக்கு' என்றோ சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். ஆனால் தகவல் வந்து சேர்ந்த வழிதான் பிரதிக்குள் எது தெரியும், எது தெரியாது என்பதைத் தீர்மானிக்கிறது.

முதல் வழி, கேள்வி. 1935இல் மணிக்கொடியில் 'துன்பக் கேணி' எழுதிய புதுமைப்பித்தன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை நேரில் பார்த்தவரில்லை. தலைப்பே பாரதி ஃபிஜித் தீவுக் கரும்புத் தோட்டப் பெண்களைப் பற்றி எழுதிய பாட்டிலிருந்து வந்தது. பாரதியும் ஃபிஜிக்குப் போனவரில்லை. ஆனால் ஆள் பிடிக்க வரும் கங்காணியும், போய்த் திரும்பியவர்களின் சிதைந்த உடம்பும் திருநெல்வேலிச் சீமையிலேயே பார்க்கக் கிடைத்தவை. கேணியின் வாய் ஊரில்தானே இருந்தது. அதை அவர் எழுதினார்.

இரண்டாவது, போய்ப் பார்த்தல். 1970களில் மலேசியா சென்ற அகிலன் ரப்பர்த் தோட்ட வாழ்க்கையைப் 'பால்மரக் காட்டினிலே' நாவலாக்கினார். இதில் உழைப்பு உண்டு, அக்கறையும் உண்டு. என்றாலும் பார்க்க வந்தவருக்கு எல்லாமே குறித்துக்கொள்ள வேண்டிய புதுமை. அங்கேயே கிடப்பவனுக்கு எது சலித்துப்போயிற்று என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. அன்றாடம் என்பதே அந்தச் சலிப்புதான்.

மூன்றாவது வழிக்கு ப. சிங்காரம். சிங்கம்புணரியில் பிறந்து மதுரையில் படித்தவர். 1938இல் பிழைப்புக்காகச் சுமத்ராவின் மெடானுக்குப் போனார். புகையிலைத் தோட்டங்களால் வளர்ந்த டச்சுக் காலனி நகரம் அது. 1942 மார்ச்சில் அதை ஜப்பானியர் பிடித்தார்கள். 1946இல் ஊர் திரும்பிய சிங்காரம் மதுரை தினத்தந்தியில் வேலை பார்த்தார், ஒய்.எம்.சி.ஏ. அறையே வீடு. 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' (1972) என்று இரண்டே நாவல்கள்.

அவருடைய தகவல்கள் ஆராய்ச்சிக்காகச் சேகரித்தவை அல்ல, சம்பளத்தோடு சேர்ந்து வந்தவை. வட்டிக்கடைகள் இருந்த கிட்டங்கி ஒரு நீண்ட கூடம். ஆளுக்கொரு பெட்டியடி, பகலில் அதுவே கடை, இரவில் படுக்கை. முதலாளி, மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிநிலை. இதற்குள் கிடந்தவனுக்கு ஊர் என்பது கடன் வாங்கியவனின் விலாசம், தவணை, நாணயம். அதனால்தான் 'கெர்க் ஸ்ட்ராட்' போன்ற டச்சுத் தெருப் பெயர்கள் அவர் எழுத்தில் அலங்காரமாக ஒட்டாமல், வசூலுக்கு நடந்த தெருக்களாக வருகின்றன. போரும் அப்படித்தான். ஜப்பான் நோட்டைக் கொண்டுவந்து பழைய கடனை அடைத்தார்கள். பிறகு அந்த நோட்டே செல்லாமல் போயிற்று. லேவாதேவிக்காரனுக்குப் பேரரசுகளின் வரலாறு பேரேட்டில்தான் புரியும்.

இதற்கொரு மறுபக்கமும் உண்டு. கதாநாயகன் பாண்டியன் அங்கே இருந்துகொண்டு மதுரைத் தெருக்களையும் சின்னமங்கலத்தையும் துல்லியமாக நினைத்துப் பார்க்கிறான். அதை எழுதுகிறவரோ மதுரையில் இருந்துகொண்டு மெடானை நினைக்கிறார். எந்த ஊர் அந்நியம்? நினைவால்தான் எட்ட முடியும் என்று ஆகிவிட்ட ஊருக்கே இத்தனை நுணுக்கம் வாய்க்கிறது என்று தோன்றுகிறது.

அதற்காக 'வாழ்ந்தவனே எழுத முடியும்' என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. பேரேட்டில் கடன் வாங்கியவனுக்கு ஒரு பெயரும் தொகையும்தான் உண்டு. மெடானைச் சுற்றிய தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்த ஜாவாக்காரர்கள் சிங்காரத்தின் கதையாடலில் மையத்துக்கு வருவதில்லை. பெண்களும் ஓரத்தில்தான். மதுரை மண்ணிலிருந்து கடல் கடந்தவர்களின் அன்றாடத்துக்கு நம்மிடம் இருக்கிற ஆவணம் கொஞ்சம். அதில் பெரும்பகுதி இப்படிப் புனைவில் கிடக்கிறது. அதை வரலாறாக வாசிக்கும்போது, சொன்னவன் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தான் என்பதையும் சேர்த்தே வாசிக்கணும்.