மதிற்பெயர்ப் பட்டினமும் உரைகாணும் நெறியும்

விழுப்புரம் மாவட்டத்துக் கடற்கரையில் உப்பளங்களாற் பெயர்பெற்று விளங்குவது மரக்காணம். சோழர் கல்வெட்டுக்களையுடைய பூமீசுவரர் திருக்கோயில் அதன் தொன்மைக்குச் சான்றாம். சங்க காலத்து ஓய்மானாட்டு எயிற்பட்டினம் இதுவேயென ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர்.

இப்பட்டினத்தைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். நல்லியக்கோடன்மேல் அவர் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளையுடையது. அதன்கண் ஊர்ப்பெயர் வெளிப்பட நிற்கவில்லை. மதிலின் பெயரைக் கொண்ட பட்டினமென்று குறிப்பாற் கூறினார் புலவர். மதிலுக்கு எயில் என்பதும் ஒரு பெயராதலை அறிந்தார்க்கே எயிற்பட்டினம் என்பது புலனாகும். அறியாத மாணாக்கன் ஊரைக் காணாமலே அதனைக் கடந்து செல்வன்.

இத்தகைய இடங்களில் துணையாவது நச்சினார்க்கினியர் உரை. ஆயின் அவ்வுரைதானும் எளிதன்று. சேய்மைக்கண் நிற்கும் அடிகளை மாட்டு என்னும் உறுப்புப்பற்றி ஒன்றோடொன்று கொண்டுகூட்டிப் பொருளுரைப்பர். மேற்கோள்களைப் பலவிடத்தும் நூற்பெயர் சுட்டாது காட்டுவர். ஆதலின் உரைக்கும் ஓர் உரை வேண்டுவதாயிற்று.

இவ்விடர்ப்பாட்டை நன்குணர்ந்தவர் உ. வே. சாமிநாதையரவர்கள். திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பயின்ற அவர், 1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் கும்பகோணத்திற் சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டார். முதலியார் வினாவிய சீவகசிந்தாமணி அவர் அதுகாறும் பயிலாத நூல். அதனைக் கற்கப் புகுந்தபொழுது மூலமும் உரையும் ஒருங்கே மயங்க வைத்தன. சமண சமயக் கொள்கைகளை அந்நகரத்துச் சமணரிடமே கேட்டுத் தெளிந்தார். மேற்கோள்களின் முதனூல்களை ஏடுகளில் தேடினார். அத்தேட்டமே அவரைச் சங்க நூல்களிற் கொண்டுசென்றது. சிந்தாமணி 1887லும், நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டு 1889லும் அச்சேறின. விளங்காமையே ஆராய்ச்சிக்கு வாயிலாயிற்று.

உரையைத் தெளிதல் ஒன்று. அதனை அவ்வாறே உடன்படுதல் வேறொன்று. பாட்டின் சொற்கிடக்கையைச் சிதைத்துப் பொருள்கொள்ளும் முறையை மறுத்து, மறைமலையடிகள் 1903ல் முல்லைப்பாட்டிற்கும் 1906ல் பட்டினப்பாலைக்கும் ஆராய்ச்சியுரை வெளியிட்டார்கள். முன்னையோருரையை முற்றக் கற்றமையாலன்றோ அவர்கட்கு அதனை மறுத்தலும் கூடிற்று?

சித்தாந்த சாத்திரம் பயில்வார்க்கும் இது பொருந்தும். சிவஞானபோதத்திற்கு மாபாடியம் அருளிய சிவஞான முனிவரே சிற்றுரையும் அருளினார். கற்பாரது நிலை பலவாதலின் வாயிலும் ஒன்றின் மேற்பட்டதாதல் வேண்டுமன்றோ? சிற்றுரையிற் புகுந்தார் அதனளவில் நின்றுவிடாது மாபாடியத்திற் செல்லுதல் கடன்; மாபாடியத்தின் அருமை கண்டு மலைவார் சிற்றுரைக்கு மீளுதல் இழுக்கன்று.

ஆகவே, ஒரு தொடர் விளங்காதபொழுது நூலையும் பழித்தல் வேண்டா. தம்மறிவையும் நொந்துகொள்ளல் வேண்டா. எச்சொல்லில் எப்பொருள் மறைந்து நிற்கின்றது, அதனை அறிந்தார் யாவர் என்று வினவுக. மதில் எயிலாதலை அறியும் அத்துணையே, காணாதிருந்த பட்டினம் கண்முன் நிற்கும்.